ரயில் கம்பெனிக்கும் சொத்து வரியா? கலிபோர்னியாவிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

கலிபோர்னியாவின் சென்ட்ரல் வேலி பகுதியிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், கம்பெனி, பெயர் எதுவும் வெளியே வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

அவர் ஒரு கணக்காளர். சில மாதங்களுக்கு முன் ஒரு சின்ன ரயில் கம்பெனியில், அதாவது 'ஷார்ட்லைன்' என்று சொல்வார்களே, பெரிய கம்பெனியின் பாதையோடு போய்ச் சேரும் குட்டிப் பாதை, அதில் நிதிப் பொறுப்பாளராகச் சேர்ந்திருக்கிறார். தீவனம், உரம், தக்காளி பேஸ்ட் இவைதான் சரக்கு. கம்பெனி சமீபத்தில் கை மாறியிருக்கிறது. பழைய கணக்காளர் போய்விட்டார். பிப்ரவரி முதல் வாரத்தில் மேசையில் ஒரு கட்டுக் காகிதம்: மாநில அரசின் போர்டு ஆஃப் ஈக்வலைசேஷன் (சொத்து வரி மதிப்பீட்டைக் கவனிக்கும் வாரியம்) கேட்கும் வருடாந்திர சொத்து அறிக்கை, மார்ச் 1க்குள் தர வேண்டுமாம். முதலாளி சொல்கிறார்: "இதெல்லாம் சும்மா புள்ளிவிவரத்துக்கு. வருவாயை மட்டும் போட்டு அனுப்பு. நாம கம்பெனியை என்ன விலைக்கு வாங்கினோம்னு எழுதாதே. ரயில் ஓடாத கிளைப் பாதையையும் விட்டுடு. எப்படியும் ப்ரொப்பசிஷன் 13 இருக்கு, வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏத்த முடியாது."

வாசகியின் கேள்விகள் இவை. முதலாளி சொல்வது சரியா? பழைய ஸ்டேஷன் கட்டடத்தை ஒரு கிடங்குக்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், அதை யார் காட்டுவது? பக்கப் பாதையில் மாதக்கணக்கில் நிற்கும் வேறு யாருடையதோ தொட்டி வேகன்களுக்கு வரி யார் தலையில்? ஃபெடரல் சட்டம் ஒன்று ரயில் கம்பெனிகளைக் காப்பாற்றுகிறது என்று கேள்விப்பட்டாராம், அது உண்மையா? கடைசியாக, "கையெழுத்து நான் போடணும்னு சொல்றார். எனக்கு ஏதாவது வருமா?"

சகோதரி, கடைசிக் கேள்வியை நீங்கள் கடைசியில் வைத்திருக்கிறீர்கள், ஆனால் கடிதம் முழுக்க ஓடுவது அந்தப் பயம்தான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அறிக்கை பொய்ச்சாட்சியம் சொன்னால் தண்டனை என்ற உறுதிமொழியின் கீழ் கையெழுத்தாகிறது. தெரிந்தே விட்டதைத் தெரியாமல் விட்டதாகப் பிறகு சொல்ல முடியாது, அதிலும் எதை விடச் சொன்னார் என்பதை எனக்கே எழுதிவிட்டீர்கள். ஆகவே முதலாளி சொன்னபடி நிரப்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால் பயந்துபோய் வேலையை விட வேண்டிய அவசியமும் இல்லை. முழுமையாக எழுதினால் உங்கள் கம்பெனிக்குத்தான் லாபம் என்று நான் நினைக்கிறேன். அதை நீங்கள் முதலாளியிடம் எடுத்துச் சொல்லும்படி விளக்கப் பார்க்கிறேன்.

கவுண்டி ஏன் உங்களிடம் எதுவும் கேட்பதில்லை

நம் ஊரிலிருந்து வருபவர்களுக்கு ரயிலுக்குச் சொத்து வரி என்பதே புதிதாக இருக்கும். இந்தியாவில் ரயில்வே மத்திய அரசின் சொத்து. அரசியலமைப்பின் 285ஆம் பிரிவுப்படி மத்திய அரசின் சொத்துக்கு மாநிலம் வரி போட முடியாது. அமெரிக்காவில் சரக்கு ரயில் தனியார் தொழில், தண்டவாளத்துக்குக் கீழே இருக்கும் நிலமும் தனியார் சொத்து, வரியும் உண்டு.

வீடு, கடை, தொழிற்சாலை என்றால் கவுண்டி அசஸர், அதாவது மாவட்ட அளவிலான மதிப்பீட்டு அதிகாரி, மதிப்புப் போடுவார். ரயிலுக்கு அப்படியில்லை. கலிபோர்னிய அரசியலமைப்பின் 13ஆம் அத்தியாயம், 19ஆம் பிரிவு, ரயில், தொலைபேசி, மின்சாரம், எரிவாயு கம்பெனிகள் 'வைத்திருக்கும் அல்லது பயன்படுத்தும்' சொத்தை மாநில போர்டே ஒவ்வொரு ஆண்டும் மதிப்பிட வேண்டும் என்கிறது. காரணம் எளிது. பத்து மைல் தண்டவாளத்தைத் தனியாகப் பெயர்த்து விலை கேட்டால் பழைய இரும்பு விலைதான் கிடைக்கும், இரண்டு பக்கமும் பாதையும் சரக்கும் இருப்பதால்தான் அதற்கு மதிப்பு. ஆகவே முழுக் கம்பெனியையும் ஒரே அலகாக எடுத்து மதிப்புப் போட்டு, பிறகு இடம் வாரியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். இதை யூனிட்டரி முறை என்பார்கள். இல்லினாய் மாநில ரயில் வரி வழக்குகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1870களிலேயே இதுபோன்ற முறையை ஏற்றுக்கொண்டுவிட்டது.

இது கலிபோர்னியாவில் பழைய சண்டையும்கூட. 1879 அரசியலமைப்பு ரயில் மதிப்பீட்டை மாநில போர்டிடம் கொடுத்தது. மற்றவர்கள் சொத்தின் மதிப்பில் அடமானக் கடனைக் கழித்துக்கொள்ளலாம், ரயில் போன்ற பொதுச்சேவைக் கம்பெனிகள் கழிக்கக் கூடாது என்றும் வைத்தது. சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனி வழக்குக்குப் போனது. 1886இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது ரயில் பாதையோர வேலியை யார் மதிப்பிட வேண்டும் என்ற விஷயத்தைத்தான். மாநில போர்டு வேலியையும் சேர்த்துப் போட்டது, அது கவுண்டி போட வேண்டியது, அதனால் அந்த மதிப்பீடே செல்லாது என்று முடிந்தது. எந்தப் பொருளை யார் மதிப்பிடுவது என்ற கேள்வி அன்று ஒரு பெரிய வழக்கையே முடித்துவைத்தது. உங்கள் ஸ்டேஷன் கட்டடக் கேள்வியும் அதே வகைதான்.

ப்ரொப்பசிஷன் 13: முதலாளி சொன்னதில் பாதி

சொத்தின் மதிப்பை வாங்கிய ஆண்டு மதிப்பில் நிறுத்தி, அதன் பிறகு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 1978இல் வந்த அந்த அரசியலமைப்புத் திருத்தம் உங்கள் தண்டவாளத்துக்குப் பொருந்தாது. மாநில போர்டு அலகாக மதிப்பிடும் சொத்துக்கு வாங்கிய ஆண்டு மதிப்பும் 2 சதவீத உச்சவரம்பும் கிடையாது என்று கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1985இல், ஐடிடி வேர்ல்டு கம்யூனிகேஷன்ஸ் வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 1 அன்று என்ன சந்தை மதிப்போ அதுதான் புதிதாகப் போடப்படும். ஏறலாம், இறங்கலாம். வருமானம் சரிந்த வருஷம் மதிப்பும் சரிய வேண்டும், அதைக் காட்ட வேண்டிய இடம் இந்த அறிக்கை.

ஆனால் முதலாளி முழுக்கத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன், இங்கேதான் நீங்கள் கேள்விப்பட்ட ஃபெடரல் சட்டம் வருகிறது. 1976இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய ரயில் மறுசீரமைப்புச் சட்டத்தை எல்லோரும் 4-ஆர் சட்டம் என்பார்கள். ஓட்டுப் போடாத, ஊரை விட்டு எழுந்து போகவும் முடியாத ரயில் கம்பெனிகள் மேல் மாநிலங்கள் கூடுதல் வரியைச் சுமத்திக்கொண்டிருந்தன. அதைத் தடுக்க வந்தது இது. அதே இடத்தில் மற்ற வணிக, தொழில் சொத்துகள் சந்தை மதிப்பில் எத்தனை சதவீதத்துக்கு மதிப்பிடப்படுகின்றனவோ, ரயில் போக்குவரத்துச் சொத்தை அதைவிட அதிக சதவீதத்துக்கு மதிப்பிடக் கூடாது. மதிப்பீட்டு விகித வேறுபாடு குறைந்தது 5 சதவீதம் இருந்தால் ஃபெடரல் நீதிமன்றத்துக்கு நேராகப் போகலாம். மாநில வரி விவகாரங்களில் ஃபெடரல் நீதிமன்றம் பொதுவாகத் தலையிடாது, இது ஒரு விதிவிலக்கு.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கலிபோர்னியாவில் பல கடைகளும் கிடங்குகளும் ப்ரொப்பசிஷன் 13 காரணமாகச் சந்தை விலையைவிடக் குறைவான மதிப்பில் உட்கார்ந்திருக்கின்றன. ரயிலை மட்டும் முழுச் சந்தை மதிப்பில் போட்டால் 4-ஆர் சட்டம் இடிக்கும். அதனால் போர்டு ஆண்டுதோறும் ஒரு சமன்படுத்தும் விகிதத்தைக் கணக்கிட்டு, ரயில் சொத்தின் மதிப்பை அந்த அளவுக்குக் குறைக்கிறது. ப்ரொப்பசிஷன் 13இன் பலன் உங்களுக்கு நேராக வருவதில்லை, இந்தச் சுற்றுவழியில் ஓரளவு வருகிறது. ஆனால் அது ரயில் போக்குவரத்துக்கான சொத்துக்கு மட்டும்தான். எந்தச் சொத்து ரயிலுக்கானது, எது இல்லை என்று பிரித்துக் காட்டும் வேலை உங்கள் அறிக்கையில்தான் நடக்கிறது. கலந்து கட்டி எழுதினால் இந்தச் சலுகையை நீங்களே சிக்கலாக்கிக்கொள்கிறீர்கள்.

மதிப்பு ஒன்று, வரி விகிதம் வேறொன்று. அடிப்படை விகிதம் 1 சதவீதம், அதன் மேல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன் பத்திரங்களுக்கான கூடுதல். அந்தக் கூடுதலை மாநிலம் மதிப்பிடும் சொத்துக்குத் தனிச் சூத்திரத்தில் போட்டதால் ரயிலுக்கு விகிதம் எகிறியது என்று பிஎன்எஸ்எஃப் ரயில்வே வழக்குப் போட்டது. அலமேடா உள்ளிட்ட கவுண்டிகளுக்கு எதிரான அந்த வழக்கில் ஒன்பதாம் வட்டார ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் ரயில் கம்பெனியின் பக்கம் நின்று இடைக்காலத் தடையை உறுதி செய்தது. உங்கள் பில்லில் இருக்கும் விகிதத்தை அதே கவுண்டியில் சாதாரண வணிகச் சொத்துக்கு வரும் சராசரி விகிதத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் வேலை, அவ்வளவுதான்.

வாங்கிய விலையும் ஓடாத கிளைப் பாதையும்

விலையை மறைக்கச் சொல்வது முதலாளியின் பெரிய தவறு. கை மாறிய விஷயம் பொதுப் பதிவுகளில் இருக்கும். ஷார்ட்லைன் வாங்குவதற்கு ஃபெடரல் அமைப்பான சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்ட்டேஷன் போர்டில் அறிவிப்புக் கொடுத்திருப்பீர்கள், பத்திரப் பதிவும் இருக்கலாம். மாநில போர்டில் உட்கார்ந்திருக்கும் மதிப்பீட்டாளர்கள் அதைப் பார்க்க மாட்டார்கள் என்று நம்புவது வீண். அவர்கள் மூன்று நான்கு வழிகளில் மதிப்பைப் பார்ப்பார்கள்: போட்ட செலவில் தேய்மானம் கழித்த மதிப்பு, இன்று புதிதாகக் கட்டினால் ஆகும் செலவில் தேய்மானம் கழித்த மதிப்பு, எதிர்கால வருமானத்தை மூலதனமாக்கிய மதிப்பு, பெரிய கம்பெனி என்றால் பங்கும் கடனும் சேர்ந்த மதிப்பு. சமீபத்திய விற்பனை விலை இருந்தால் அதுவும் வலுவான ஆதாரம்.

ஆனால் நீங்கள் கொடுத்த விலை முழுக்கத் தண்டவாளத்துக்கும் நிலத்துக்கும் கொடுத்ததா? வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள், பயிற்சி பெற்ற ஆட்கள், நற்பெயர் இவற்றுக்கும் சேர்த்துத்தானே? தொட்டுணர முடியாத சொத்துகளுக்குக் கலிபோர்னியாவில் சொத்து வரி இல்லை. விலையைச் சொல்லி, அதோடு கொள்முதல் விலைப் பங்கீட்டை, அதாவது எந்தச் சொத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற பிரிப்பை, இணைத்து, "இதில் இவ்வளவு பகுதி வரிக்கு உட்படாதது, காரணம் இது" என்று எழுதினால் அது வாதம். விலையையே மறைத்துவிட்டால் அந்த வாதத்தை வைக்க உங்களுக்கு இடமே இல்லை. போர்டு வேறெங்காவது விலையைக் கண்டுபிடித்து மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும்.

கிளைப் பாதைக்கும் இதே கதைதான். ரயில் ஓடவில்லை என்பதால் பாதை இல்லாமல் போய்விடாது. ஓட்டத்தை நிறுத்துவது ஒன்று, பாதையைச் சட்டப்படி கைவிடுவது வேறு, கைவிடுவதற்கு சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்ட்டேஷன் போர்டின் அனுமதி தேவை. அது கிடைத்து முடியும்வரை பாதை உங்கள் கணக்கில்தான். அறிக்கையில் காட்டுங்கள், காட்டிவிட்டு அதன் பரிதாப நிலையையும் எழுதுங்கள். பாதைப் பராமரிப்பு மேற்பார்வையாளரைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். தண்டவாளத்தின் பக்கவாட்டில் எடையும் உருட்டிய ஆண்டும் புடைப்பெழுத்தில் இருக்கும். கெஜத்துக்கு 75 பவுண்டு, 80 பவுண்டு என்று இருந்தால் போட்டோ எடுங்கள். இன்று சரக்கு வேகன்கள் தங்கள் எடையும் சரக்கும் சேர்த்து 2,86,000 பவுண்டு வரை வருகின்றன, அந்த இலேசான தண்டவாளம் அதைத் தாங்கப் போராடும், பல இடங்களில் தாங்கவே தாங்காது. எத்தனை ஸ்லீப்பர் கட்டை உளுத்திருக்கிறது, எந்தப் பாலத்தில் எடைக் கட்டுப்பாடு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃபெடரல் பாதுகாப்பு விதிகளில் அந்தப் பகுதி 'எக்செப்டட்' (விலக்களிக்கப்பட்ட) பாதையாக வைக்கப்பட்டிருந்தால் அங்கே மணிக்கு 10 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது, பயணிகளோடு ரயில் போகவே கூடாது. இவையெல்லாம் பயன்பாட்டுக் குறைவுக்கு, அதாவது வழக்கமான தேய்மானத்துக்கும் மேலாக மதிப்பைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதற்கு, கைமேல் ஆதாரம். முதலாளி மறைக்கச் சொல்கிற பாதைதான் உங்களுக்கு மதிப்பைக் குறைத்துத் தரக்கூடிய பாதை.

இன்னொன்று. பழைய ரயில் பாதைகளில் எல்லா நிலமும் கம்பெனிக்குச் சொந்தமாக இருக்காது, சில இடங்களில் வழி உரிமை மட்டும் இருக்கும். பத்திரங்களையும் போர்டிடம் இருக்கும் நில வரைபடங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எப்போதோ விற்றுவிட்ட துண்டு நிலத்துக்கு இன்னும் வரி கட்டிக்கொண்டிருப்பதும் நடக்கும்.

வாடகைக் கட்டடம், நிற்கும் வேகன்கள்

ஸ்டேஷன் கட்டடமும் நிலமும் கம்பெனியுடையது என்றால், வாடகைக்கு விட்டிருந்தாலும் நீங்கள்தான் காட்ட வேண்டும், ரயில் ஓட்டத்துக்குச் சம்பந்தமில்லாத சொத்து என்று தனியாக. அந்தப் பகுதிக்கு நான் மேலே சொன்ன சமன்படுத்தும் குறைப்பை எதிர்பார்க்காதீர்கள். உங்கள் நிலத்தில் கிடங்குக்காரர் தன் செலவில் கட்டிய ஷெட் இருந்தால் அது அவர் சொத்து, கவுண்டி அசஸர் அவரிடம் வசூலிப்பார். அதையும் நீங்கள் உங்கள் பட்டியலில் சேர்த்துவிட்டால் ஒரே ஷெட்டுக்கு இரண்டு வரி விழும். குத்தகைப் பத்திரத்தில் கட்டுமானம் யாருடையது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: 'பயன்படுத்தும்' சொத்தும் போர்டின் கைக்குள் வருவதால், நீங்கள் வாடகைக்கு எடுத்து ஓட்டும் இன்ஜினையும் காட்ட வேண்டும்.

தொட்டி வேகன்களைப் பற்றிக் கவலை வேண்டாம். வேகன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உரிமைக் குறியின் கடைசி எழுத்து ஆங்கில எக்ஸ் என்றால் அது ரயில் கம்பெனி அல்லாத ஒருவருக்குச் சொந்தமானது. அதற்குத் தனியார் ரயில் வேகன் வரி என்று தனிச் சட்டமே இருக்கிறது, வேகன் உரிமையாளர் ஏப்ரல் 30க்குள் போர்டுக்குத் தனி அறிக்கை தருவார், போர்டே நேராக வரி வாங்கிக்கொள்ளும். முந்தைய ஆண்டில் மாநிலத்துக்குள் சராசரியாக எத்தனை வேகன்கள் இருந்தன என்பதை வைத்துக் கணக்கு. நீங்கள் குத்தகைக்கு எடுத்து உங்கள் ஓட்டத்துக்கே வைத்திருக்கும் வேகன்கள் இருந்தால் மட்டும் குத்தகை விதிகளைப் படித்து யார் காட்டுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தேதிகளும் அபராதமும்

மார்ச் 1க்குள் முடியாது என்று தோன்றினால் இன்றே எழுத்தில் அவகாசம் கேளுங்கள். கெடு முடிவதற்கு முன் கேட்டால்தான் மதிப்பு. புதிதாகக் கை மாறிய கம்பெனி, பழைய கணக்காளர் இல்லை என்பதெல்லாம் நியாயமான காரணங்கள், அப்படியே எழுதுங்கள். அவகாசமும் கேட்காமல் அறிக்கையும் தராமல் விட்டால், நேரத்துக்குக் காட்டாத சொத்தின் மதிப்போடு அதில் 10 சதவீதம் அபராதமாகச் சேரும், அந்தக் கூடிய மதிப்புக்குத்தான் வரி. உச்சவரம்பு 2 கோடி டாலர், உங்கள் கம்பெனிக்கு அந்த வரம்பால் ஒரு உதவியும் இல்லை. போர்டு தன் கையில் இருக்கும் தகவலை வைத்துத் தானே ஒரு மதிப்பையும் போட்டுவிடும். வேண்டுமென்றே மறைத்தது என்று வந்தால் இன்னும் கடுமை.

மே கடைசி வாக்கில் மதிப்பு முடிவாகி நோட்டீஸ் வரும். ஒத்துக்கொள்ள முடியாவிட்டால் ஜூலை 20க்குள் மறுமதிப்பீட்டு மனு. இந்தத் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், மனு போடாமல் விட்டால் பின்னால் மாநில நீதிமன்றத்தில் வரியைத் திரும்பக் கேட்கும் வழி அடைபட்டுவிடும். மனு நிலுவையில் இருந்தாலும் பில்லைக் கட்டித்தான் ஆக வேண்டும்: முதல் தவணை டிசம்பர் 10, இரண்டாவது ஏப்ரல் 10, தாண்டினால் அதற்கும் 10 சதவீதம். கலிபோர்னியாவில் முதலில் கட்டு, பிறகு வழக்காடு என்பதே விதி.

4-ஆர் வழக்கு? 2007இல் ஜார்ஜியா மாநிலத்துக்கு எதிராக சிஎஸ்எக்ஸ் என்ற ரயில் கம்பெனி போட்ட வழக்கில், மாநிலம் மதிப்பைக் கண்டுபிடித்த முறையையே ரயில் கம்பெனி எதிர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அது மதிப்பீட்டு நிபுணர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து மாதக்கணக்கில் மோதும் வழக்கு. உங்கள் அளவு கம்பெனிக்கு ஒரு வருட வரியைவிட வக்கீல் செலவு அதிகமாகிவிடும். முதலில் மனு, போர்டு மதிப்பீட்டாளரோடு பேச்சு. நல்ல ஆவணம் கையில் இருந்தால் பேச்சிலேயே பல விஷயங்கள் சரியாகும்.

உங்கள் கையெழுத்து

அறிக்கையில் கையெழுத்திட கம்பெனி அதிகாரியாக இருக்க வேண்டும், அல்லது எழுத்து மூலம் அதிகாரம் தரப்பட்டிருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கடிதம் இருக்கிறதா? இல்லையென்றால் கேட்காதீர்கள், கையெழுத்து முதலாளியுடையதாகவே இருக்கட்டும். ஆனால் தயாரிக்கும் பொறுப்பு உங்களுடையது, உரிமம் பெற்ற கணக்காளர் என்றால் உரிமமும் அதில் மாட்டியிருக்கிறது. அதனால் இந்த வாரமே முதலாளிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், குற்றம் சாட்டும் தொனி வேண்டாம்: ப்ரொப்பசிஷன் 13 நமக்கு நேரடியாகப் பொருந்தாது, கொள்முதல் விலையைப் பங்கீட்டோடு காட்டுவோம், கிளைப் பாதையைக் காட்டிப் பயன்பாட்டுக் குறைவு கேட்போம், ஸ்டேஷனைத் தனியாகப் பிரிப்போம், இதனால் வரி குறைய வாய்ப்பு இருக்கிறது. பெரும்பாலான முதலாளிகள் கடைசி வரியைப் படித்ததும் இறங்கி வருவார்கள்.

இவர் வரவில்லை என்றால், நீங்கள் முழுமையாகத் தயாரித்த வடிவத்தை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிவிட்டு, அதிலிருந்து எதையும் எடுக்கச் சொன்னால் எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள். அந்த நிலைக்குப் போனால் கம்பெனி வக்கீலிடம் ஆலோசனை கேட்க வேண்டாம், அவர் கம்பெனிக்கு வக்கீல், உங்களுக்கு இல்லை. உங்களுக்கென்று ஒருவரைப் பார்த்து, பிப்ரவரி முடிவதற்குள் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.